ஒரு சாண்

கூக்கல் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகுதான்
பிலவேந்திரன் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தான்.
காதுக்கருவி இல்லை.
பூண்டு மூட்டைகளுக்கு நடுவே
முதுகுப்பைகளை இறக்கிப் போட்டிருந்தோம்.
மூன்று நாள் குப்பையைத் தராசில் தொங்கவிட்டு
வியாபாரி எடை சொல்லிக்கொண்டிருந்தார்,
பதினாலு பேருக்கு ரெண்டே கால் கிலோ.
கைதட்டல் பாதியில் நின்றது.

மறுபடி ஏறினோம். ஒன்றரை மணி நேரம்.

மேலே போனால்
நாங்கள் படுத்த இடத்தைக் காணோம்.

காலையில் கிளம்புமுன்
ரிஃபாயாவும் நாச்சியப்பனும்
கூடாரம் அழுத்திய புல்லை
விரலால் கோதி நிமிர்த்தியிருந்தார்கள்,
பள்ளிக்கூடம் போகிற தங்கைக்குத் தலை வாருவதுபோல.
அடுப்பைத் தாங்கிய தட்டைக் கல்லை
பாசிப் பக்கம் மேலே தெரிய
அதன் பழைய பள்ளத்திலேயே திரும்பப் படுக்கவைத்தோம்.
தட்டு கழுவிய தண்ணீரை வடிகட்டி
பருக்கை பருக்கையாய்ப் பொறுக்கிப் பையில் போட்டாள்
சகாயமேரி, முகத்தைச் சுளித்துக்கொண்டே.
வரிசையாய் நடந்தால் தடம் விழும் என்று
புல்வெளியில் ஆளுக்கொரு பக்கமாய்ப் பரவி இறங்கினோம்.
எல்லாம் நான் சொன்னதுதான்.
வந்தது தெரியக் கூடாது,
போனது தெரியக் கூடாது.

தெரியவில்லை.
மூன்று மேடும் ஒரே மேடாய் இருந்தன.
சோலைக்குள்ளிருந்து மூடுபனி வேறு
எங்களைக் கேட்காமல் வெளியே வந்துகொண்டிருந்தது.
"இவ்வளவு சுத்தமா அழிச்சிருக்க வேணாம்"
என்றாள் சகாயமேரி.

நாச்சியப்பன்தான் முதலில் பார்த்தான்.
குறிஞ்சிப் புதரில் ஏதோ வெள்ளையாய்.
பூ இல்லை, பூக்க இன்னும் வருடங்கள் இருக்கின்றன.
காகிதம்.
அதற்குக் கீழே காட்டுப்பன்றி கிளறிய மண்.

ரிஃபாயா மூக்கைப் பொத்திக்கொண்டு
குச்சி விட்டு அளந்தாள்.
"நாலு விரல்கூட ஆழமில்ல."

ஒரு சாண் தோண்ட வேண்டும்,
ஓடைக்கும் கூடாரத்துக்கும் எழுபது எட்டு தள்ளி,
காகிதம் திரும்பி நம்மோடு வர வேண்டும் என்று
கிளம்புமுன் கரும்பலகையில் எழுதியவன் நான்.
எழுதியது பகலில்.
அன்றைக்கு மணி மூன்று, இருட்டு, குளிர்,
கரண்டி வேரில் மோதியது,
போதும் என்று தோன்றிவிட்டது.

எண்சாண் உடம்பும் ஒரு சாணாய்க் குறுகும் என்பார்கள்.
எனக்கு நாலு விரல்.

எழுபது எட்டை மட்டும் ஒழுங்காய் எண்ணியிருந்தேன்.
அங்கிருந்து சரிவில் எழுபது எட்டு நடந்தோம்.
தட்டைக் கல் இருந்தது.

எதிலாவது மூடிக் கிடந்தால் அது கீச்சிடும் என்றான் பிலவேந்திரன்.
அவனுக்குக் கேட்காத சத்தம்.
எல்லோரும் நின்ற இடத்தில் மூச்சை அடக்கினோம்.
ஓடை.
சிரிப்பான் ஒன்று சிரித்து ஓய்ந்தது.
யாரோ ஒருவன் வயிறு.
அவன் மட்டும் எங்கள் முகங்களை
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு வந்தான்,
சகாயமேரியின் புருவம் உயரும் வரை.

கோதி நிமிர்த்திய புல்லுக்கடியில் கிடந்தது.
அத்தனை அக்கறையாய் நாங்களே மூடியிருந்தோம்.

அவன் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தபோது
நான் கரண்டியோடு மேலே போயிருந்தேன்.
காகிதத்தைப் பைக்குள் போட்டு முடிச்சிட்டு
வேரில்லாத இடமாய்ப் பார்த்துத் தோண்டினேன்.
பின்னால் வந்து நின்றான்.
"யாரு சார் இப்படிப் பண்ணினது?"

மண்ணைப் பார்த்தபடி,
எனக்கே சரியாய்க் கேட்காத குரலில்,
"நான்தான்" என்றேன்.

கருவி நன்றாகத்தான் வேலை செய்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு மண்டியிட்டு
கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து
புதுக்குழிக்குள் கையை இறக்கினான்.
"இன்னும் ரெண்டு விரல் சார்."